நீரை ஏற்கப் பழகிய பாலியெஸ்டர்: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழில் தொடங்கிவிடுகிறது. இப்பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஓசூரிலேயே இயங்குகிறது. செயற்கைத் துணியை நீரேற்கச் செய்யும் வேதிமுறைகளின் வரலாறு இவ்விரு தொழில்களையும் இணைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சிக்கலின் வேர்

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினர். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 விழுக்காடுதான். நீரைப் பிடித்துக்கொள்ளும் வேதித்தொகுதிகள் அதில் மிகக் குறைவு.

ஆனால் இழைக்குள் ஈரம் புகுவது வேறு, இழைகளின் இடைவெளியில் நீர் பரவுவது வேறு. நுண்புழைகளில் நீர்மம் நகரும் வேகத்தை 1918இல் லூக்காசும் 1921இல் வாஷ்பர்னும் சமன்பாடாக்கினர். நீர் இழைப்பரப்பில் எவ்வளவு படிகிறது என்பதும் அவ்வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே மேற்பரப்பை மட்டும் நீர்விரும்பியாக்கினால் போதும், துணி வியர்வையைக் கடத்தும்.

வளர்ச்சிக் கட்டங்கள்

முதலில் வந்தது காரமுறை. சூடான காஸ்டிக் சோடா, மேற்பரப்பிலுள்ள எஸ்டர் பிணைப்புகளை அறுத்து ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகளை வெளிக்கொணர்கிறது. துணி மென்மையாகிறது, ஆனால் எடையும் வலுவும் குறைகின்றன, கரைந்த டெரெப்தாலேட் கழிவுநீரில் சேர்கிறது.

1960களின் இறுதியில் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்மலோஸ் என்ற பூச்சைக் கொண்டுவந்தது. அதன் மூலக்கூறில் பாலியெஸ்டர் துண்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால் துண்டும் மாறிமாறி வரும். வெப்பத்தில் முதல் துண்டு, தன் இனமான இழைப்பரப்பில் பதிந்துகொள்கிறது. இரண்டாவது துண்டு வெளியே நின்று நீரை ஈர்க்கிறது. இழையை அரிக்காமல், பல சலவைகளைத் தாங்கும் தன்மையை இப்படித்தான் பெற முடிந்தது.

1986இல் டூபாண்ட் அறிமுகப்படுத்திய கூல்மேக்ஸ், இழையின் நீளவாக்கிலேயே பள்ளங்களை அமைத்து, நீர் ஓடும் வழியை வடிவத்தால் கூட்டியது.

துணி நீரை ஏற்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. விறைப்பாக மாட்டிய துணிமீது ஒரு சொட்டு நீரை விடுவார்கள். சொட்டின் பளபளப்பு மறைந்து ஈரக்கறை மட்டும் எஞ்சும்வரை நேரத்தைக் கணக்கிடுவார்கள். தொடுவதற்கு வழுவழுப்பு வேண்டுமென்று சாதாரண சிலிக்கோன் சாஃப்ட்னரைக் கூடுதலாக ஏற்றிய துணியில் அதே சொட்டு முத்தாக உருண்டு நிற்கும். மென்மையும் நீரேற்பும் ஒருசேர வேண்டுமானால் நீர்விரும்பும் வகைச் சிலிக்கோனே வேண்டும்.

பட்டுக்கோந்தின் இடம்

பட்டுக்கூட்டின் எடையில் 20 முதல் 30 விழுக்காடு செரிசின் என்னும் கோந்துப் புரதம். கோந்து நீக்கும்போது அது வெந்நீரோடு சாக்கடைக்குப் போய்க் கழிவின் மாசுச்சுமையைக் கூட்டுகிறது. அதை மீட்டுப் பாலியெஸ்டரில் பூசினால் ஈரமேற்புத் திறன் உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காரமுறை வெளிக்கொணரும் அதே தொகுதிகள் செரிசின் பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன. சலவையில் கழன்றுவிடுவதே இதன் குறை. பிணைக்கப் பயன்படும் குளுட்டரால்டிஹைடு தோலை உறுத்தக்கூடியது. பாதுகாப்பான பிணைப்பான் தேடலே இத்துறையின் முதற்பணியாக வேண்டும்.

முடிவுரை

காரம் இழையை அரித்தது. பெர்மலோஸ் இழையோடு ஒட்டியது. செரிசின் கழிவைப் பொருளாக்க வல்லது. கழிவைக் கவனிக்காவிட்டால் தொழிலே நின்றுபோகலாம்: சாயக்கழிவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் கண்டோம். பட்டுக்கூடும் ஆடைத் தொழிலும் அருகருகே உள்ள இந்த எல்லைப் பகுதி, செரிசின் மீட்பையும் பூச்சுச் சோதனையையும் ஒரே திட்டமாக எடுத்துக்கொண்டால், கழிவும் குறையும், கூடு விற்கும் உழவருக்கும் புதிய வருவாய் வழி பிறக்கும்.