நவாபின் கடனும் நம்மூர் கிஸ்தியும்

இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்ட், பிரான்ஸோடு சண்டை போடுவதற்காக ஃபிளாரன்ஸ் நகரத்து பார்டி, பெருஸ்ஸி வட்டிக்கடைக் குடும்பங்களிடம் ஏகப்பட்ட கடன் வாங்கினார். 1340-களில் கையை விரித்துவிட்டார். அதே பத்தாண்டில் இரண்டு குடும்பங்களும் திவால். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ராஜாவை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடன் கொடுத்தவனிடம் படை கிடையாது.

நம்ம பக்கத்தில் கதை தலைகீழ். ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். நவாபைப் பதவியில் உட்கார வைத்ததே கம்பெனிப் படைதான். அந்தப் படைச் செலவும் நவாப் தலையில். அதைக் கட்ட, அதே கம்பெனி ஆட்களிடம் தனிக்கடன். அடமானம்? ஜில்லாக்களின் வருமானம். ஆரம்பத்தில் வட்டி 20 சதவீதத்துக்கு மேலும் ஓடியது. 1767-ல் பழைய பாக்கிகளை ஒன்றாகத் தொகுத்து 10 சதவீதம் என்று வைத்தார்கள். 1777-ல் இன்னொரு தொகுப்பு.

1784-ல் லண்டன் கட்டுப்பாட்டு வாரியம், இந்தத் தொகுப்புக் கடன்களை விசாரணையே இல்லாமல் ஏற்றுக்கொள்ளச் சொன்னது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பார்லிமென்டில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பால் பென்ஃபீல்ட் போன்ற கடன்காரர்களின் அரசியல் செல்வாக்குக்குக் கொடுத்த விலை இது என்பது அவர் குற்றச்சாட்டு. ஓட்டெடுப்பில் தோற்றார்.

சரி, இதற்கும் கரிசக்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

1792 ஒப்பந்தம்தான். நவாப் வருஷத்துக்கு 9 லட்சம் வராகன் கம்பெனிக்கும், சுமார் 6 லட்சத்து 21 ஆயிரம் வராகன் தனிக் கடன்காரர்களுக்கும் தர வேண்டும். (ஒரு வராகன் ஏறக்குறைய மூன்றரை ரூபாய்.) பாளையக்காரர்களின் கிஸ்தியைக் கம்பெனியே நேரடியாக வசூலித்து, நவாப் கணக்கில் கழித்துக்கொள்ளும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், சேப்பாக்கத்தில் விழுந்த பிழைக்கு பாஞ்சாலங்குறிச்சியில் அலாரம் அடித்தது.

முன்பெல்லாம் பாளையக்காரரும் நவாபின் ஆளும் பேரம் பேசுவார்கள். மழை பொய்த்தால் இழுத்தடிக்கலாம், கொஞ்சம் கட்டி மிச்சத்தைத் தள்ளிப்போடலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. கரிசல் மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைப்பு. பருத்தி வெடித்துக் காசாக மாசி, பங்குனியும் தாண்டும். வானம் ஏமாற்றினால் அந்த வருஷமே போச்சு. ஆனால் வட்டி மழையைப் பார்த்து நிற்காது. கம்பெனிக் கணக்கு மாசத் தேதியைப் பார்க்கும்.

1798 மே 31 கணக்கில் கட்டபொம்மன் பாக்கி 3,310 வராகன். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1,080 வராகன்தான். அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறுவருஷம் பானர்மேன் படையோடு வந்தார். 1799 அக்டோபர் 16 அன்று, கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறில், கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள்.

இது வெறும் பணச்சண்டை என்று நான் சொல்லவில்லை. மானம், அதிகாரம், அண்டைப் பாளையங்களோடு பகை எல்லாமே அதில் உண்டு. ஆனால் 'வரி கேட்க நீ யார்?' என்ற கேள்விக்கு நேர்மையான பதில், 'உன் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள்' என்பதுதான்.

1801-ல் கர்நாடகமே கம்பெனி கைக்குப் போனது. நவாப் பேரில் மிச்சமிருந்த கடன் பத்திரங்களை விசாரிக்க 1805-ல் கமிஷன் போட்டார்கள். வந்து குவிந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். பல வருஷம் சலித்துப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

விசாரித்த கடனின் லட்சணம் இது. அதற்கு முன்பே விசாரிக்காமல் ஏற்றுக்கொண்ட கடனில் எவ்வளவு பொய்யோ, அதற்கும் சேர்த்துத்தான் இங்கே கிஸ்தி கேட்டார்கள்.