பெட்டிச் சின்னம் முதல் இயங்கும் உருமாதிரி வரை: சமையலறை வடிவமைப்பு மென்பொருளில் வீட்டுச் சாதனங்கள்

முன்னுரை

சமையலறை அலமாரிகளை வடிவமைக்கும் மென்பொருள்களில் பலகையின் தடிப்பு, கீல் பதியும் குழி, இழுப்பறையின் ஆழம் ஆகிய யாவும் மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகின்றன. அந்த அலமாரிகளுக்கு நடுவே நிற்கும் ஃபிரிட்ஜ், அடுப்பு, ஓவன், டிஷ்வாஷர் ஆகியவையோ நெடுங்காலம் வெறும் பெட்டிகளாகவே வரையப்பட்டன. பெட்டி எப்படி நிஜத்தோற்றம் கொண்ட மாதிரியாக மாறியது என்பதைக் கணினி வரைகலையின் வெற்றிக் கதையாகச் சொல்வதே வழக்கம். அந்தக் கதை பாதி உண்மைதான். ஒரு சாதனத்தின் மாதிரி மெய்யானது என்று சொல்ல அதன் அளவு, தோற்றம், இயக்கம் மூன்றும் மெய்யாக இருக்க வேண்டும். காகிதத் திட்டங்களின் காலத்தில் அளவும் இயக்கமுமே சிந்தனையின் மையமாக இருந்தன. கணினி வந்தபின் தோற்றம் முந்திக்கொண்டது. விற்பனைக்கூடத்தின் தேவையே அதற்குக் காரணம் என்பதும், வரைபடம் நேரடியாக அறுப்பு எந்திரத்துக்குச் செல்லும் இன்றைய நிலையில் அந்த வரிசையைத் திருத்தியாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காகிதத்தில் சமையலறை

அமெரிக்காவின் கிறிஸ்டின் ஃபிரெடரிக் 1913இல் வெளியிட்ட 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' நூலில் இரண்டு சமையலறைத் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டினார். அடுப்பு, தொட்டி, மேசை, அலமாரி ஆகியவற்றுக்கு இடையே சமைப்பவர் நடக்கும் பாதைகள் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. ஒன்றில் கோடுகள் பின்னிக் கிடந்தன; மற்றொன்றில் ஒழுங்காகத் தொடர்ந்தன. சாதனங்கள் எளிய கட்டங்களாகவே இருந்தாலும், அவற்றைச் சுற்றி நடக்கும் வேலை அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை இதே சிந்தனையைக் கட்டடமாக்கியது. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அறை, ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே அறையின் பயனைத் தீர்மானித்துவிடும்.

1944இல் தொடங்கப்பட்ட இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிறுவீடுகள் மன்றம், தொட்டி, அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் 'வேலை முக்கோண'த்தைப் பரவச் செய்தது. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள்ளும், மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த விதிக்குச் சாதனத்தின் நிறமோ பளபளப்போ தேவைப்படவில்லை. அது நிற்கும் இடமும் அதை அணுகும் விதமும் மட்டுமே தேவைப்பட்டன. காகிதக் காலத்துச் சின்னம் எளிமையானது என்பதால் அதன் பின்னிருந்த அறிவையும் எளிமையானதாகக் கருதிவிடக் கூடாது. வரைபடத்தில் இல்லாத விவரம் வரைபவரின் பயிற்சியில் இருந்தது.

திரையில் தோற்றம் முந்தியது

1982இல் ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் வெளிவந்தபின் இந்தச் சின்னங்கள் அப்படியே கணினிக்குக் குடிபெயர்ந்தன. ஒருமுறை வரைந்த அடுப்பை எத்தனை திட்டங்களில் வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. ஆனால் அது இன்னும் கோடுகளால் ஆன கட்டமே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1987இல் தொடங்கப்பட்ட 20-20 டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள், அலமாரி உற்பத்தியாளர்களின் விலைப்பட்டியலையே மென்பொருளுக்குள் கொண்டுவந்தன. வடிவமைப்பாளர் ஓர் அலமாரியை இழுத்து வைத்தால் அதன் குறியீட்டு எண்ணும் விலையும் உடன் வந்தன. மென்பொருளை வாங்கியவர்கள் அலமாரி விற்பவர்கள். சாதனத்தைப் பெரும்பாலும் வாடிக்கையாளர் வேறு கடையில் வாங்கினார். ஆகவே அலமாரிக்குக் கிடைத்த கவனம் சாதனத்துக்குக் கிடைக்கவில்லை. படத்தில் வெற்றிடம் தெரியாதபடி நிரப்பும் பொருளாகவே அது இருந்தது.

இதற்குச் சற்று முன்பிருந்தே கணினி வரைகலை ஆய்வு தன் வழியில் முன்னேறிவந்தது. அதன் புகழ்பெற்ற முதல் மாதிரிகளுள் ஒன்று சமையலறைப் பொருள்தான். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975இல் ஒரு தேநீர்க் குடுவையை வளைபரப்புகளாக வடித்தார். பிறர் தம் ஒளியமைப்பு முறைகளைச் சோதிக்க அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்த முதல் மாதிரிக்கு அடிப்பாகமே இல்லை. உலகெங்கும் பரவிய வடிவமோ அசல் குடுவையைவிடக் குட்டையானது. ஒளி எப்படி விழுகிறது என்று பார்க்க இந்தக் குறைகள் தடையாக இருக்கவில்லை. ஆனால் அக்குடுவையை ஓர் அலமாரித் தட்டில் அடக்க வேண்டுமென்றால் அந்த உயரம் பயன்படாது. தோற்றத்தில் மெய்யாகவும் அளவில் பொய்யாகவும் ஒரு மாதிரி ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்துவந்த ஆய்வுகள் தோற்றத்தை வெகுதூரம் கொண்டுசென்றன. சூழலின் பிரதிபலிப்பைப் பரப்பின்மேல் காட்டும் முறையை ஜேம்ஸ் பிளின்னும் நியூவெலும் 1976இல் விளக்கினார்கள். இழைகோடுகள் கொண்ட எவர்சில்வர் பரப்பில் ஒளி வட்டமாக மின்னாமல் கோடுகளுக்குக் குறுக்காக நீண்டு படர்கிறது. இவ்வகைப் பிரதிபலிப்பை அளந்து கணக்கிடும் எளிய மாதிரி ஒன்றை கிரிகோரி வார்ட் 1992இல் வெளியிட்டார். இன்றைய திரையில் ஃபிரிட்ஜ் கதவு எஃகாகவே நம்பப்படுவதற்கு இத்தகைய உழைப்பே அடிப்படை. 2000இல் வந்த ஸ்கெட்ச்அப் மென்பொருளை கூகுள் 2006இல் வாங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய 3டி வேர்ஹவுஸ் என்னும் பொதுக் களஞ்சியத்தில் எவரும் மாதிரிகளை ஏற்றலாம், எவரும் எடுக்கலாம். மாதிரிகள் பெருகின, அவற்றின் அளவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு எடுப்பவரிடமே விடப்பட்டது. 2006இல் ஒரு நாற்காலியைக் கணினிப் படமாக வெளியிட்ட மரச்சாமான் நிறுவனமான ஐகியா, 2014க்குள் தன் பொருட்படங்களில் நான்கில் மூன்று பங்கை அவ்வாறே உருவாக்கும் நிலையை எட்டியது.

திறக்காத கதவு

தோற்றம் முந்தியதன் விளைவை ஒரு ஃபிரிட்ஜை வைத்துப் பார்க்கலாம். அலமாரி வரிசையின் கடைசியில், பக்கச் சுவரை ஒட்டி, கீல் சுவர்ப் பக்கம் இருக்குமாறு அது வைக்கப்படுகிறது. படத்தில் கதவு மூடியிருக்கிறது. எஃகின் பளபளப்பு, கைப்பிடியின் நிழல், சுவருடன் இணையும் நேர்த்தி எல்லாம் கச்சிதம். வீட்டில் கதவைத் திறந்ததும் முகப்புக்கு வெளியே நீட்டியிருக்கும் கைப்பிடி சுவரில் முட்டுகிறது. கதவு செங்கோணம்வரைகூட வரவில்லை. காய்கறித் தட்டு கதவின் உட்புற விளிம்பில் இடித்துப் பாதியில் நிற்கிறது. சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே சில சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நிரப்புப்பட்டை வைத்திருந்தால் இது நேர்ந்திராது. கதவின் தடிப்பு, கீலின் இடம், திறப்புக் கோணம் ஆகிய மூன்றையும் அறிந்த மாதிரி இந்த மோதலைத் திரையிலேயே காட்டியிருக்கும்.

டிஷ்வாஷரின் நிலையும் இதுதான். திறந்த கதவு தரைக்கு இணையாகப் படுக்கும்போது, மூலையில் செங்கோணமாகத் திரும்பும் அலமாரியின் இழுப்பறைகள் அடைபடலாம். அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் அந்த மூலையில் 21 அங்குல இடைவெளி வேண்டும் என்கின்றன. ஒருவர் சமைக்கும் அறையில் வேலைப்பாதை 42 அங்குலமும், பலர் சமைக்கும் அறையில் 48 அங்குலமும் இருக்கச் சொல்கின்றன. அலமாரிக்குள் பதிக்கும் ஃபிரிட்ஜ்களுக்குக் காற்றோட்டத் திறப்பு குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் வேண்டுமென்று பல உற்பத்தியாளர்கள் கேட்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடப் படத்தில் தெரியாது. ஒவ்வொன்றும் அன்றாடச் சமையலைப் பாதிக்கும்.

மறுப்புகள்

வாடிக்கையாளர் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார், ஆகவே தோற்றத்துக்கு முதலிடம் தருவது நியாயம்தானே என்று கேட்கலாம். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் தம் வீட்டைக் கற்பனை செய்ய முடிவது பெரிய நன்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பே மாறிவருகிறது. 2017இல் வந்த ஐகியா பிளேஸ் செயலி, பொருளை அதன் உண்மையான அளவில் வீட்டுத் தரையில் வைத்துக் காட்டியது. அங்கே அளவு பிழையானால் தோற்றமே பிழையாகிவிடுகிறது. அழகான படத்தைக் கேட்பவரும் அளவைக் கேட்கும் காலம் இது.

உற்பத்தியாளரின் பொருத்துதல் தாள் இருக்கும்போது மாதிரிக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டுமா என்பது அடுத்த மறுப்பு. வரைபவர் தாளைப் படித்துத் திட்டத்தைத் திருத்தி, தச்சர் இடத்தில் சரிபார்த்து அறுத்த முறையில் அது போதுமானதாக இருந்தது. இன்று பல பட்டறைகளில் வடிவமைப்புக் கோப்பிலிருந்தே அறுப்புப் பட்டியலும் துளைகளின் இடமும் எந்திரத்துக்குப் போகின்றன. தாளில் மட்டும் இருக்கும் எண் அந்த வழியில் சேர்வதில்லை. இடையில் இருந்த மனிதக் கண் விலகிய இடத்தில், மாதிரியின் அளவே உற்பத்தி ஆணையாகிறது.

மூன்றாவது மறுப்பே வலுவானது: சாதனங்களின் மாடல்கள் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைகின்றன, நேற்றைய துல்லியம் நாளைய பிழை, பொதுப்பெட்டியே நேர்மையானது. இதில் உள்ள உண்மையை ஏற்றாக வேண்டும். எனினும் மாறுவது எது, நிலைப்பது எது என்று பிரித்துப் பார்த்தால் இம்மறுப்பு நம் வாதத்துக்கே துணையாகிறது. சமையலறை மரச்சாமான்களுக்கும் சாதனங்களுக்கும் பொதுவான ஒருங்கிணைப்பு அளவுகளை இ.என். 1116 என்னும் ஐரோப்பியத் தரநிலை வகுத்திருக்கிறது. கைப்பிடியின் பாணியும் பொத்தான்களின் வரிசையும் மாறினாலும், 60 சென்டிமீட்டர் அகல இடத்தில் பொருந்தும் டிஷ்வாஷர் என்ற வகை நீடிக்கிறது. சீக்கிரம் பழையதாகிவிடும் பகுதி தோற்றமே. இடத்தேவையையும் திறப்புக் கோணத்தையும் தாங்கிய பொதுமாதிரி, பளபளக்கும் தனிமாதிரியைவிட நீண்டகாலம் உழைக்கும். கைப்பிடி நீட்சி போலத் தரநிலைக்குள் அடங்காதவற்றுக்கு, மாடல் எண்ணும் சரிபார்த்த தேதியும் மாதிரிக்குள்ளேயே பதிவாக வேண்டும்.

முடிவுரை

கட்டடத் துறை இந்தத் தெளிவை முன்பே எட்டியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008இல் வெளியிட்ட ஆவணம், மாதிரியின் ஒவ்வொரு கூறையும் எந்த அளவுக்கு நம்பிச் செயல்படலாம் என்பதை 100 முதல் 500 வரையான நிலைகளாக வகுத்தது. சமையலறை மென்பொருளில் சாதன மாதிரிகளைச் சேர்ப்பவர்களும் இதுபோன்ற ஒரு படிவரிசையை ஏற்க வேண்டும்: முதலில் சாதனம் கேட்கும் இடம், அடுத்து கதவும் தட்டும் திறக்கும் வீச்சு, பிறகு குழாய், மின்சாரம், காற்றோட்டம், இறுதியாகத் தோற்றம். ஃபிரெடரிக் காகிதத்தில் தேடியது சமைப்பவரின் உழைப்பைக் குறைக்கும் வழி. அந்த நோக்கம் மாறவில்லை. திட்டத்தில் நேரும் பிழை வரைபவருக்கு ஒரு நாள் வேலை. அந்தச் சமையலறையில் சமைப்பவருக்கோ பல ஆண்டுத் தொல்லை. ஆகவே மென்பொருளை உருவாக்குவோர் மெய்ம்மையின் அளவுகோலை விற்பனைக்கூடத்திடமிருந்து வாங்கி, அந்த அறையில் நின்று வேலை செய்பவரிடம் கொடுக்க வேண்டும்.