றிவெற் அடிக்க இரண்டு பேர் வேணும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் றெஸ்ரோரன்ற் பூட்டு. அந்த அரை நாளைத்தான் நான் நித்திரைக்கு என்று வைத்திருப்பது. போன வருஷம் அதுவும் போய்விட்டது. மூலை மேசையில் வழக்கமாகச் சாப்பிடுகிற ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர், பாரிசுக்கு வெளியே தன் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறாராம். இரண்டு பேர் ஏறக்கூடிய அலுமினிய விமானம். "றிவெற் அடிக்க இன்னொரு ஆள் வேணும். மனைவிக்குத் தோள்மூட்டு நோ. நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார். பதினெட்டு வருஷம் கத்தி பிடித்த கைக்கு இது என்ன பெரிய வேலை என்று போனேன்.

கராஜுக்குள் விமானத்தை விட ஆயுதங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. பயந்துவிடாதீர்கள், எங்கள் ஊரில் வேலைச் சாமானுக்கும் ஆயுதம் என்றுதான் பெயர். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கு" என்றார். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து 2006-இல் பாதியில் விட்டவன் நான். அந்த ஒரு வசனம் போதும், வேலை முடிந்து வந்து இரவில் தேடித்தேடி வாசித்தேன். வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1906-இல் யேர்மனியில் தொடங்குகிறது. அல்ஃபிரட் வில்ம் என்பவர் அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து, இறுக்கத்தை அளந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து அளந்தால் உலோகம் தானாகவே இறுகியிருந்தது. டூரன் நகரத்து ஆலையில் செய்ததால் அதற்கு டூரலுமின் என்று பெயர் வந்தது. 1919-இல் ஹியூகோ யுங்கர்ஸ் அந்த உலோகத்தில் எஃப் 13 என்ற பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டார். அதில் ஒன்று எங்கள் சனம் நிறைய இருக்கிற லா கூர்னேவுக்குப் பக்கத்தில், லு பூர்ஜே விமான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நெளிநெளியான தகடு. பார்த்தால் எங்கள் ஊர்த் தகரக் கொட்டில் ஞாபகம் வரும்.

இந்த உலோகத்தை வெல்டிங் செய்தால் சூட்டில் அந்த இறுக்கம் போய்விடும். அதனால்தான் துளை போட்டு றிவெற் அடிக்கிறார்கள். பெரிய விமானங்களுக்கான சில கடினமான றிவெற்றுகளைத் தோய்த்த பிறகு குளிர்பெட்டியில் வைப்பார்கள். வெளியே எடுத்தால் இறுகத் தொடங்கிவிடும், அதற்குள் அடித்து முடிக்கவேண்டும். மா புளித்துவிடாமல் பிறிட்ஜில் வைக்கிற எங்களுக்கு இது நன்றாக விளங்கும். வீட்டில் கட்டுபவர்கள் பாவிப்பது கொஞ்சம் மெதுவான வகை. தலையில் சின்னக் குழி இருக்கும். அப்படியே எடுத்து அடிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் இந்த வேலை லட்சக்கணக்கான கைகளுக்குப் போனது. ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்துக்கு மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் றிவெற். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெண்கள் சோடி சோடியாக நின்றார்கள். ஒருத்தி வெளியே காற்றுத் துப்பாக்கியால் அடிப்பாள், மற்றவள் உள்ளே பக்கிங் பார் என்ற இரும்புக்கட்டையை அண்டக்கொடுப்பாள். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கிளெக்கோ என்ற ஸ்பிரிங் ஊசியின் பெயர் கிளீவ்லாந்தில் இருந்த காற்றுக் கருவிக் கொம்பனியின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஆயுதங்கள்தான் இன்றைக்கும் கராஜுகளில் கிடக்கின்றன.

1953-இல் பால் பொபெரெஸ்னி அமெரிக்காவின் மில்வாக்கியில் வீட்டு விமானக்காரர்களுக்குச் சங்கம் தொடங்கியபோது பெரும்பாலானவர்கள் மரத்திலும் இரும்புக் குழாயிலும் துணியிலும்தான் கட்டினார்கள். உலோகம் தொழிற்சாலைக்காரரின் விஷயம் என்று நினைப்பு. அதை உடைத்தவர்களில் ஒருவர் ஜோன் தோர்ப். துளைகளை முன்கூட்டியே அளந்து போட்டுவிட்டால் தகடும் சட்டமும் தானாகப் பொருந்தும், பெரிய அச்சு தேவையில்லை என்று காட்டினார். அவருடைய ரி-18 1964-இல் பறந்தது. 1976-இல் டொன் ரெய்லர் தன் ரி-18-இல் உலகத்தையே சுற்றிவந்தார். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1971-இல் பறக்கவிட்ட ஆர்வி-3-இன் குடும்பத்தில் இன்றைக்கு 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் கிறிஸ் ஹைன்ஸ் வேறு வழி எடுத்தார். கொன்கோர்ட்டில் வேலை செய்த பொறியியலாளர். தன் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி விமானத்துக்கு ஸெனித் என்று பெயர் வைத்தார். பிரான்சில் பறக்கவிட்டுவிட்டு 1973-இல் கனடாவுக்குப் போனார். எங்கள் சனம் பின்னாளில் போன அதே ஒன்ராறியோதான். அவருடைய பிந்திய விமானங்களில் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் றிவெற். மற்றப் பக்கத்தில் ஆள் வேண்டாம். தனியாகக் கட்டலாம்.

ஆகவே, எந்த ஆயுதம் வாங்குவது என்ற கேள்விக்கு முதல் மறுகேள்வி, உங்களோடு யார் இருக்கிறார்கள் என்பதுதான். தனி ஆள் என்றால் இழுக்கும் றிவெற். துணைக்கு ஆள் இருந்தால் துப்பாக்கியும் கட்டையும். விளிம்புகளுக்குக் கையால் நெரிக்கும் கருவி போதும், சத்தமும் இல்லை. துளைபோடும் ஊசி, பிசிர் எடுக்கும் கருவி, துளையைக் குழிக்கும் அச்சு, இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். விமானத்தை வெடிக்க வைப்பது அனேகமாகக் கெட்ட துளைதான். 2023-இல் அந்த ஆர்வி கொம்பனியிலேயே லேசரால் வெட்டிய துளைகள் குழிக்கும்போது வெடித்தன. அந்த வருஷக் கடைசியில் திவால் பாதுகாப்புக்குப் போய், 2024-இல்தான் மீண்டார்கள். கிளெக்கோ மட்டும் பழையது வாங்கலாம். வெள்ளி நிறம் 3/32 அங்குலம், செம்பு நிறம் 1/8. மில்லிமீற்றர் நாட்டில் இருந்துகொண்டு மனுசன் அங்குல ஊசிகளை அமெரிக்காவில் இருந்துதான் எடுக்கிறார்!

அடித்த றிவெற்றின் பின்தலை அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் வரவேண்டும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. முதல் நாள் நடந்தது வேறு.

நான் உள்ளே கட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் துப்பாக்கியை அமத்தினார். தடதடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இந்த நாட்டில் கேட்டதில்லை. கை தானாக விட்டது, நான் நிலத்தில் குந்தியிருந்தேன். சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த முதல் உலோக விமானம் சியாமாசெட்டி. இத்தாலிக்காரர் பயிற்சிக்கென்று செய்த வடிவான சின்ன விமானம் அது. எங்களுக்கு அது பங்கர். அதையும் எங்கோ இரண்டு பேர் சோடியாக நின்றுதான் றிவெற் அடித்திருப்பார்கள் என்பது எனக்கு அந்தக் கராஜில்தான் உறைத்தது.

கட்டை இல்லாமல் அடிபட்டதால் தகடு உள்ளே அமுங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. றிவெற்றின் தலையில் துளைபோட்டுக் கழற்றினார். காதடைப்பான் ஒரு சோடி தந்துவிட்டு, "அடிக்கமுதல் நீங்கள் 'சரி' என்று சொல்லவேணும். சொல்லாமல் நான் அமத்தமாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து நான் சொன்ன பிறகுதான் சத்தம் வரும். அன்றைக்கு அறுபது றிவெற் அடித்தோம், பிழைத்தது நாலு. இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நித்திரை கொள்வதில்லை.