ஸ்விட்ச்சும் பிரேக்கும்: ஒரு சின்னச் சொல்லின் பெரிய வரலாறு

1990 ஜனவரி 15 அன்று மதியம் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசிச் சேவை தடுமாறத் தொடங்கியது. 114 எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டது போல மாறி மாறி நின்று, மறுபடி கிளம்பின. சுமார் 9 மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. யாராவது ஊடுருவிக் கெடுத்தார்களோ என்று சந்தேகம் எழுந்தது. கடைசியில் அகப்பட்ட குற்றவாளி ஒரே ஒரு சொல்: சி மொழியில் எழுதிய நிரலில் இடம் மாறி உட்கார்ந்திருந்த 'பிரேக்'.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஒரு எண்ணின் மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கணினிக்குப் பழைய வேலை. 1957-இல் வந்த ஃபோர்ட்ரானில் 'கம்ப்யூட்டட் கோ டூ' இருந்தது. மதிப்பு 1 என்றால் இந்த வரிக்குப் போ, 2 என்றால் அந்த வரிக்குப் போ, அவ்வளவுதான். அல்கால் 60 மொழியில் 'ஸ்விட்ச்' என்பது தாவவேண்டிய இடங்களின் பட்டியல். 1966-இல் நிக்லாஸ் விர்த்தும் டோனி ஹோரும் முன்வைத்த 'கேஸ்' அமைப்பில் தாவலே கிடையாது. பொருந்தும் கிளை ஒன்று மட்டும் ஓடும், பிறகு வெளியே வந்துவிடும். விர்த் உருவாக்கிய பாஸ்கலும் இந்த வழியில்தான் வந்தது.

சி மொழி வேறு குடும்பம். மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல், கென் தாம்சனின் பி, அதன்பின் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சியின் சி. இதில் ஒவ்வொரு 'கேஸ்'சும் நுழைவாசல் மட்டுமே. உள்ளே போனால் 'பிரேக்' வரும்வரை அடுத்தடுத்த கிளைகளும் ஓடிக்கொண்டே இருக்கும். பிசிபிஎல்-இல் லூப்பை விட்டு வெளியேற 'பிரேக்', கிளையை முடிக்க 'எண்ட்கேஸ்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. சி-யில் இரண்டு வேலைக்கும் ஒரே 'பிரேக்'. ஆனால் 'இஃப்' கூற்றை விட்டு வெளியேற அது உதவாது.

ஏடி அண்ட் டி நிரலில் நடந்ததும் இதுதான். ஸ்விட்ச்சுக்குள் ஒரு இஃப், அந்த இஃப்புக்குள் ஒரு பிரேக். இஃப் முடிந்து அடுத்த வரிக்குப் போகவேண்டிய கணினி, ஸ்விட்ச்சையே விட்டு வெளியேறிவிட்டது. செய்யவேண்டிய வேலை பாதியில் நின்று, தகவல்கள் சிதைந்தன. எக்ஸ்சேஞ்ச் தன்னையே நிறுத்தி மீண்டும் துவக்கிக்கொண்டது. மீண்டு வந்ததும் அது அனுப்பிய செய்திகள் பக்கத்து எக்ஸ்சேஞ்சிலும் அதே பிழையைத் தூண்டிவிட்டன. இதில் கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. மொழியின் விதிப்படி அந்த நிரல் சரியானதே!

பிறகு வந்த மொழிகள் பாடம் படித்தன. சி ஷார்ப்பில் ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குச் சத்தமில்லாமல் வழுக்கி விழ முடியாது. 2009-இல் வெளிவந்த கோ மொழியில் பொருந்திய கிளையோடு ஓட்டம் முடிந்துவிடும். தொடரவேண்டும் என்றால் 'ஃபால்த்ரூ' என்று வெளிப்படையாக எழுதவேண்டும். அந்தக் கோ மொழியை வடிவமைத்த மூவரில் ஒருவர், பி மொழியை உருவாக்கிய அதே கென் தாம்சன்!

ஆனாலும் கோ-விலும் பிரேக் உண்டு. ஸ்விட்ச்சுக்குள் எழுதினால் அது ஸ்விட்ச்சைத்தான் முடிக்கும், வெளியே உள்ள லூப்பை அல்ல. எனவே எந்த மொழியானாலும் பிரேக் என்று எழுதும்போது, எதை விட்டு வெளியே போகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.