தலைக்கு எட்டணா

கவரைப்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பது வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள்தான். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, எங்கள் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரெயிலின் மேல் மைசூர்–தர்பங்கா எக்ஸ்பிரஸ் வந்து மோதியது. பலர் காயமடைந்தார்கள், தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் எங்கள் ஊர்ப் பெயர்! மற்ற நாட்களில் எங்கள் தெருவில் செய்தி என்று ஒன்று உண்டானால், அது நாய்ச் செய்தியாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருவில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று நாய்க் கட்சி. மற்றொன்று கல் கட்சி. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழி எங்கள் தெருவுக்குப் பொருந்தாது. இங்கே இரண்டும் வேண்டிய மட்டும் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து நடுநிசியில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவார்கள். தெருமுனை திரும்பியதும் நாலைந்து நாய்கள் சக்கரத்தைத் துரத்தும். அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு வண்டி ஓட்டும் வித்தையைப் பார்த்தால் சர்க்கஸ்காரர்களே அதிசயப்படுவார்கள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய சோற்றைக் குழம்போடு பிசைந்து வாசலில் வைப்பேன். செம்மண் நிறத்தில் ஒரு நாய் வந்து தின்றுவிட்டு, என் வீட்டுப் படியிலேயே படுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. கழுத்தில் பட்டை கட்டவில்லை. தடுப்பூசி போட வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு வந்ததில்லை. ஆனால், “ஜீவகாருண்யம் உள்ள மனுஷர்” என்று நாய்க் கட்சிக்காரர்கள் என்னைச் சொல்லும்போது மட்டும் மறுத்ததில்லை.

ஒருநாள் இரவு அந்தச் செம்மண் நாய், ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பையனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. தெருவே கூடியது. “யார் வீட்டு நாய்?” என்று யாரோ கேட்டார்கள். நான் திண்ணையில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையனின் தாயார் ஒரு மனுவோடு வந்தாள். தெருவில் உள்ள நாய்களையெல்லாம் பிடித்து ஒழித்துவிட வேண்டும் என்று மனுவில் கண்டிருந்தது. “நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அம்மா” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு பழைய சரித்திரம் மனத்தில் வந்து நின்றது. நேயர்களுக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.

1832-ஆம் வருஷம். பம்பாயில் கும்பினி சர்க்கார் நடந்துகொண்டிருந்தது. நகரத்தில் தெரு நாய்கள் பெருகிக் கிடந்தன. வெயில் காலம் வந்தால் நாய்களுக்கு வெறி பிடிக்கும் என்ற பயம் வெள்ளைக்காரர்களுக்கு அதிகம். ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களில் அநாதை நாய்களைக் கொல்லலாம் என்று 1813 முதலே ஒரு சட்டம் இருந்தது. அந்த ஆண்டு மாஜிஸ்திரேட்டுகள், கோடையில் கொல்லும் காலத்தை ஜூன் மத்தி வரையில் நீட்டினார்கள். நாய் பிடிப்பவர்களுக்குச் சம்மானமும் உண்டு: தலைக்கு எட்டணா.

இந்த எட்டணாவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெறிநாயைப் பிடிக்க வேண்டுமானால் ஓட வேண்டும், உயிருக்குத் துணிய வேண்டும். வீட்டு நாயோ, கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான். கூலிக்கு உழைக்கும் மனிதன் எதைப் பிடிப்பான்? வீட்டு வாசல்களிலும் வளவுகளுக்குள்ளும் இருந்த நாய்களைக்கூடப் பிடித்துக் கொல்கிறார்கள் என்று ஜனங்கள் முறையிட்டார்கள். வெறிநாயை ஒழிக்கப் பிறந்த உத்தரவு, சாதுவான நாயைத் தேடித் தேடிக் கொன்றது.

பம்பாயில் அப்போது பார்சிகள் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களுடைய ஜொராஷ்டிர மதத்தில் நாய்க்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. ஒருவர் இறந்துவிட்டால், உடலை எடுத்துச் செல்லுமுன் ஒரு நாயை அழைத்து வந்து பார்க்கச் செய்வார்கள். ‘சக்தீத்’ என்று அந்தச் சடங்குக்குப் பெயர். இறந்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதையில் பங்குள்ள பிராணியைத் தெருவில் தடியால் அடித்துக் கொன்றால், அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

ஜூன் 6-ஆம் தேதி கோட்டைப் பகுதியில் நாய் பிடிக்கும் வேலையில் இருந்த இரண்டு ஐரோப்பியக் கான்ஸ்டபிள்களை, பார்சிகள் பெரும்பாலோராக இருந்த கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டு தாக்கியது. மறுநாள் கடைகள் திறக்கவில்லை. ஹிந்துக்களும், ஜைனர்களும், முஸ்லிம்களும் பார்சிகளோடு சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய உணவுப் பண்டங்கள் வழியிலேயே தடுக்கப்பட்டன. ‘ஹர்த்தால்’ என்ற சொல்லைக் காந்திஜி நாடெங்கும் பிரபலப்படுத்துவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே, பம்பாய் நகரம் நாய்களுக்காகக் கடையடைப்பு நடத்திவிட்டது! கடைசியில் பட்டாளம் வந்தது. கலகக்காரர்கள் கைதானார்கள். விசாரணை நடந்து சிலர் சிறை சென்றார்கள்.

இந்தக் கலகத்தில் முன்னின்றவர்கள் பெருந்தனவந்தர்கள் அல்ல; சாதாரணப் பார்சிகள்தாம். ஜம்சேட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரிய வணிகர்கள், ஒரு பக்கம் சர்க்காரிடம் பேசினார்கள். மறு பக்கம் தங்கள் ஜனங்களை அடக்கினார்கள். நாய்களைக் கொல்லாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். ஆனால் ஊருக்கு வெளியே விட்டால் அங்கே யார் சோறு போடுவது? கலகம் நடந்து இரண்டு ஆண்டுகளில், 1834-ல், ஜம்சேட்ஜி வேறு வணிகர்களோடு சேர்ந்து பம்பாயில் ஒரு பாஞ்சராபோல் ஸ்தாபித்தார். ஆதரவற்ற பிராணிகளை வைத்துக் காப்பாற்றும் விடுதி அது. பின்னால் ‘சர்’ பட்டம் பெற்ற அந்தச் சீமான், நாய்களிடம் இரக்கம் காட்டியதோடு நிற்கவில்லை. அதற்கு ஆகும் செலவையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இவ்வளவையும் நினைத்துப் பார்த்தபோது, மனுவில் கையெழுத்துப் போடக்கூடாது என்று தீர்மானித்தேன். ஆனால் உடனே இன்னொரு சரித்திரமும் நினைவுக்கு வந்தது. அது கல் கட்சியின் சரித்திரம்.

1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். உலகமே வியந்தது. ஆனால் அந்த வைத்தியம் நம் நாட்டுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 1900-ல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள். தென்னாட்டில் நாய் கடித்தவர் அங்கே போவதென்றால் பல நாள் ரெயில் பயணம். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க் கடியால் இறந்துபோனாள். அந்தத் துயரம் பலர் மனத்தைத் தொட்டது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையும் சேர, 1907-ல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால், இன்றைக்கும் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதமில்லாமல் ஊசி போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம். இதுதான் உண்மை. அப்படியிருக்க, பிள்ளையைப் பெற்ற ஒருத்தி நாயைக் கண்டு நடுங்கினால் அதைக் கல்நெஞ்சம் என்று சொல்லலாமா?

அப்படியானால் கொன்றுவிடலாமா? நம் சென்னைப் பட்டணம் அதையும் செய்து பார்த்திருக்கிறது. ப்ளூ கிராஸ் சங்கத்தார் தரும் கணக்கின்படி, 1860-ல் சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கினார்கள். 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன. நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கொன்ற பிறகும், நாய் இல்லாத தெரு பட்டணத்தில் இல்லை! காரணம் எளிது. நாய் போனாலும் குப்பைத்தொட்டி போகவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும். வந்து குட்டி போடும்.

விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ப்ளூ கிராஸ். நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்று 1960-களிலிருந்தே அந்தச் சங்கம் சொல்லி வந்தது. 1996-ல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-ல் அதையே மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் அந்த விதிகளைப் புதுப்பித்தது. விதிகள் நல்ல விதிகள்தாம். ஆனால் பாதி நாய்களுக்குச் செய்து மீதியை விட்டுவிட்டால், விட்ட பாதி குட்டி போட்டு முன்போலவே ஆக்கிவிடும்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இந்த வழக்கில் தடுமாறியதைப் பார்த்தோம். டில்லியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 11-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் ஆன பிறகு நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம். ஆனால் வெறி பிடித்ததையும் கடிக்கிற சுபாவமுள்ளதையும் விடக்கூடாது. சோறு போடுவதானாலும் அதற்கென்று குறித்த இடத்தில்தான் போட வேண்டும் என்றார்கள். கடைசி வாக்கியத்தைப் படித்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னது போல் இருந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே நாய்க்கு எடுத்த நடுகல் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் என்ற கிராமத்தில் அகப்பட்டது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம் அந்த நாய். கல்லில் அதன் பெயரைக்கூட வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். அந்தக் காலத்தில் “யார் வீட்டு நாய்?” என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல ஓர் ஆள் இருந்திருப்பான்.

என் வீட்டுப் படியில் படுத்திருந்த நாய்க்குப் பெயரும் இல்லை, ஆளும் இல்லை. அதன் அன்பு எனக்கு வேண்டியிருந்தது. அதன் பல்லுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை! பம்பாய் மாஜிஸ்திரேட்டுகள் எட்டணாவைக் கொடுத்துவிட்டுத் தங்கள் கடமை தீர்ந்தது என்று இருந்தார்கள். நான் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு என் தர்மம் முடிந்தது என்று இருந்தேன். அவர்களைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் காலையில் மனுவை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். ‘பிடித்து ஒழித்துவிட வேண்டும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டும், கடிக்கும் நாயைத் தெருவில் விடக் கூடாது’ என்று எழுத அவளிடம் சம்மதம் கேட்டேன். அதன் கீழே இன்னொரு வரியும் எழுதிக் கையெழுத்திட்டேன். கடித்த நாய்க்குச் சோறு போட்டது நான். அதற்கு இனிமேல் நானே பொறுப்பு என்பதுதான் அந்த வரி.

அவள் நிதானமாகப் படித்தாள். பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஊசிக்கு நாள் குறித்த சீட்டு அவன் கையில் இருந்தது.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சார்” என்றாள். “நல்ல நாயா, வெறிநாயான்னு தெரியாம ரெண்டு ராத்திரி நான் தூங்கலையே!”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனித்தோம். சாதாரணமாகத்தான் இருந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். இப்போது அது என் வேலிக்குள் சங்கிலியில் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் உண்டு. அடுத்த ஊசிக்குப் பையனை ஆட்டோவில் அழைத்துப் போனது நான்தான்.

அந்த அம்மாள் இன்றும் என் வீட்டைக் கடக்கும்போது கையில் ஒரு குச்சி வைத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். நான் எழுந்து போய் வேலிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன்.