சிறிய சட்டையும் இரண்டு புறாக்குஞ்சுகளும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 2:18–21, மாற்கு 6:21–28, லூக்கா 2:22–24

கிறிஸ்துவுக்குள் அருமையான சபையாரே,



குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுப்பது நம் சபைக் குடும்பங்களில் வேரூன்றிய நல்ல வழக்கம். அது என்றும் தொடர வேண்டும். ஆனால் அந்த ஜெபத்தைச் சுற்றி அண்மை ஆண்டுகளில் வேறொன்று வளர்ந்திருக்கிறது. மண்டபம், பலூன் வளைவு, ஃப்ளெக்ஸ் பேனர், புகைப்படக்காரர், மூன்றடுக்குக் கேக், பிரியாணி, விருந்தினருக்குத் திருப்பிக் கொடுக்கும் பரிசு என்று பட்டியல் நீள்கிறது. வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் ஒப்பந்த வேலையில் இருக்கும் இளம் பெற்றோர் இதற்காக நகையை அடகு வைக்கிறார்கள். எடுத்த சீட்டுப் பணத்தை ஒரே மாலையில் கரைக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டாம் வயது பிறக்கும்போதும் முதல் வயதின் கடன் தீர்ந்திருப்பதில்லை. ஆகவே, இந்த விழா எங்கிருந்து வந்தது என்பதையும், தேவனுடைய பிள்ளைகள் பிள்ளையின் வருகையை எவ்வாறு கொண்டாடினார்கள் என்பதையும் வரலாற்றின் வழியே இந்த வாரம் சிந்திப்போம்.

வேதாகமத்தில் பிறந்தநாள் விருந்து என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை இரண்டே. ஒன்று எகிப்தின் பார்வோனுடையது (ஆதியாகமம் 40). மற்றொன்று கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவினுடையது. இரண்டும் அரண்மனை விருந்துகள். இரண்டிலும் உயிர் பறிக்கப்பட்டது. பார்வோனின் பிறந்தநாளில் சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்பட்டான். ஏரோதின் பிறந்தநாளில் யோவான்ஸ்நானகனின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது.

ஏரோதின் விருந்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். யோவானைக் கொல்ல அவனுக்கு மனமில்லை. அந்தக் கோரிக்கையைக் கேட்டபோது அவன் துக்கமடைந்தான். ஆயினும், ஆணையிட்டதன் நிமித்தமும் உடன் பந்தியிருந்தவர்கள் நிமித்தமும் அவனால் மறுக்க முடியவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அரியணையில் இருந்தவன் அவன். அன்று ஆண்டதோ விருந்தினரின் கண்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் ஒரு தேசாதிபதியையே அடிமையாக்கிற்று. பந்தியில் இருப்பவர்களின் முகம் பார்த்துத் தன் மனதுக்கு விரோதமாகக் கையொப்பமிடுவது அரண்மனையோடு முடிந்துவிடவில்லை. அடகுக்கடைச் சீட்டிலும் அதே கையொப்பம் விழுகிறது.

நம் தமிழ் மரபிலும் பிறந்தநாள் முதலில் அரசர்களுக்கே உரியதாய் இருந்தது. தொல்காப்பியம் பாடாண் திணையில் அரசன் பிறந்த நாளைப் பாடுவதற்கென்றே பெருமங்கலம் என்ற துறையை வகுத்திருக்கிறது. அந்நாளில் அரசன் வெண்ணிற ஆடை அணிந்தமையால் அது வெள்ளணி நாள் எனப்பட்டது. முதலாம் இராசராசனின் பிறந்த நட்சத்திரமாகிய சதயம் ஐப்பசியில் இன்றும் தஞ்சையில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. நமக்கு அடுத்த ஊராகிய ஸ்ரீபெரும்புதூரில், 1017இல் அங்கே பிறந்தவராகப் போற்றப்படும் இராமானுஜரின் நட்சத்திரமாகிய சித்திரைத் திருவாதிரையை நம் அயலார் ஆண்டுதோறும் பெருவிழாவாக நினைவுகூருகின்றனர். அரசரும் ஆசாரியரும் இவ்வாறு நினைவுகூரப்பட்ட நாட்டில், ஏழைக் குடியானவனின் பிறந்த தேதியை எழுதி வைப்பார் இல்லை. எந்த மழையில், எந்தப் பஞ்சத்தில் பிறந்தான் என்பதே அவனுக்கு வயதுக் கணக்கு. பிற்காலத்தில் அத்தகைய குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளுக்குப் பெயரும் தேதியும் முதன்முதலாக எழுதப்பட்ட இடம் மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுதான். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதற்கு நாடு முழுமைக்குமான சட்டம் 1969இல் வந்தது. எளியவரின் வீட்டில் தேதி குறித்துப் பிறந்தநாள் கொண்டாடுவது சில தலைமுறைப் பழக்கமே என்பதை இதனால் அறியலாம்.

ஆதித் திருச்சபை பிறந்தநாள் விருந்தைத் தயக்கத்தோடே பார்த்தது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகேன் என்னும் வேத அறிஞர், பார்வோன், ஏரோது போன்றோரே பிறந்தநாள் விருந்து செய்தார்கள். பரிசுத்தவான்கள் எவரும் அவ்வாறு செய்ததாக வேதம் கூறவில்லை என்று போதித்தார். சிமிர்னாவின் கண்காணியாகிய பொலிகார்ப்பு இரத்தசாட்சியாக மரித்த நாளையே அவருடைய சபையார் அவரது பிறந்தநாளாக அனுசரித்தனர். ஆனால் இதைக் கொண்டு, பிள்ளையின் நிமித்தம் மகிழ்வது தவறு என்று ஒருவரும் எண்ண வேண்டாம். ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தார். பிள்ளைகளைக் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்றே வேதம் காண்கிறது. ஆகையால், மகிழலாமா என்பது நம் கேள்வியன்று. யாருடைய மாதிரியின்படி மகிழ்வது என்பதே கேள்வி.

அரண்மனைக்கு மாறான மாதிரிகள் வேதத்தில் இரண்டு உண்டு.

முதலாவது, அன்னாளுடையது. அவள் சாமுவேலைச் சீலோவில் விட்டுவிட்டு வீடு திரும்பினாள். அதன்பின் ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போதெல்லாம், தன் கையால் ஒரு சிறிய சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். பிரிந்திருக்கும் பிள்ளை இந்த ஓர் ஆண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று மனத்தால் அளந்து அளந்துதான் அவள் தைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையின் வளர்ச்சியை நினைந்து செய்யும் செயல் பிறந்தநாள் என்றால், இதைவிட உண்மையான பிறந்தநாள் எது? அதற்கு ஆன செலவு கொஞ்சம் துணியும் நூலும். மற்றதெல்லாம் தாயின் நேரம்.

இரண்டாவது, நம் ஆண்டவரின் பெற்றோருடையது. பிள்ளை பெற்றவள் தகனபலிக்கு ஓர் ஆட்டுக்குட்டியையும் பாவநிவாரண பலிக்கு ஒரு புறாவையும் கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமம் 12ஆம் அதிகாரம் விதிக்கிறது. உடனே, ஆட்டுக்குட்டிக்குச் சக்தியற்றவள் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்கு வந்தது இந்தச் சிறிய காணிக்கையோடுதான். உலக இரட்சகரைக் கையில் ஏந்தியிருந்தவர்கள், அவருடைய மேன்மைக்குத் தக்கதாக ஆட்டுக்குட்டிதான் வேண்டும் என்று கடன் வாங்கவில்லை. எளியவனுக்கு எவ்வளவு இயலும் என்பதை அறிந்து, அதைத் தம்முடைய பிரமாணத்திலேயே எழுதிவைத்த தேவன் நம் தேவன். அவர் கேட்காத ஆட்டுக்குட்டியை ஊரார் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

இந்த இரு பாதைகளும் ஒரே சபையின் வரலாற்றில் எதிரெதிராய் நின்றதுண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தாயகம் சென்றிருந்தபோது, ஹாலே நகரில் அவரைக் கண்ட மாணவர்களுள் ஒருவர் சின்சென்டார்ஃப் என்னும் பிரபு. பின்னாளில் அவருடைய நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்துக் குடியேறிய அகதிகளே மொராவியச் சபையாரின் முன்னோடிகள். 1727 ஆகஸ்ட் 13ஆம் நாள் திருவிருந்து ஆராதனை முடிந்தும் பிரிய மனமின்றி அவர்கள் சிறு சிறு குழுக்களாய் நின்றபோது, பிரபு தம் வீட்டிலிருந்து உணவு அனுப்பினார். அதிலிருந்து பிறந்ததே அவர்களுடைய அன்பின் விருந்து: சிறு ரொட்டி, பருகுவதற்கு ஏதேனும் ஒன்று, பாடல்கள், ஜெபம். ஆனால் 1740களில் அதே சமுதாயத்தில் பிறந்தநாள்கள் பெருவிழாக்களாயின. விளக்கு அலங்காரங்கள் பெருகின. 1746இல் சின்சென்டார்ஃபின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளும் மட்டும் பெரிய கேக் ஒன்று செய்து, அவருடைய வயதின் எண்ணிக்கைப்படி மெழுகுதிரிகள் செருகினார்கள் என்று அதைக் கண்டவர் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் ஊதி அணைக்கும் மெழுகுதிரிகளைப் பற்றிய பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று. அந்த ஆண்டுகளைப் பின்னர் மொராவியர் புடைத்தெடுப்பின் காலம் என்று வருத்தத்தோடு அழைத்தனர். கொண்டாட்டங்கள் மாத்திரமே காரணமல்ல. ஆயினும் 1753இல் அச்சபை கடன் சுமையால் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. பெருவிழாக்கள் மறைந்தன. ரொட்டியோடு கூடிய அன்பின் விருந்தோ இன்றளவும் அவர்கள் நடுவில் நிலைத்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலேயே இதைவிட நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. 1901 மார்ச்சில், கோயில் பணிக்கென்று ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ப்ரீனா என்ற சிறுமி தப்பிவந்து, பண்ணைவிளையில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த பிள்ளைகளால் டோனாவூரில் ஒரு பெரிய குடும்பம் உருவாயிற்று. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாங்கள் பிறந்த நாள் தெரியாது. ஆகவே அவர்கள் அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் வருகை நாளாகக் கொண்டாடப்பட்டது. கொடையாளரிடம் பணம் கேட்பதில்லை என்ற உறுதியோடு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காத்த இல்லம் அது.

அந்தப் பெயரில் எவ்வளவு பொருள் இருக்கிறது! நீ எப்போது பிறந்தாய் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நீ எங்களிடம் வந்த நாளை நாங்கள் மறக்கவில்லை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதே வருகை நாள். பிறந்தநாளின் சாரமும் இதுவே. நீ வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி என்ற ஒரே செய்தியைப் பிள்ளை கேட்க வேண்டும். அந்தச் செய்தியைச் சொல்ல மண்டபம் தேவையில்லை. இரைச்சலுக்கும் கேமரா வெளிச்சத்துக்கும் அஞ்சி அழுகிற ஒரு வயதுக் குழந்தைக்கு மண்டபத்தில் அது கேட்பதும் இல்லை.

பிரியமானவர்களே, நம் பகுதியின் நிலையை நான் அறிவேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அத்தனை பேர் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் இடம் இது. லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கும் பாட்டியோ சித்தப்பாவோ அருகில் இல்லை. அந்த வெறுமையை நிரப்பவே பலர் பெரிய விழாவை நாடுகிறார்கள். அதை நான் குறை கூறேன். அந்த வெறுமையை நிரப்ப வேண்டியது சபை. ஆகவே சில ஆலோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தொகையைத் தீர்மானியுங்கள். பிறகு விருந்தைத் திட்டமிடுங்கள். இந்த மாதச் சம்பளத்தில் வாடகை, பால், மருந்து போக எஞ்சுவதே உங்கள் எல்லை. அது இரண்டு புறாக்குஞ்சுகளின் அளவே ஆனாலும் போதும். தேதியைக் குறித்து வருந்த வேண்டாம். நள்ளிரவு ஷிப்ட் முடித்து வந்த தகப்பன் உறக்கக் கண்ணோடு நிற்பதைவிட, வார விடுமுறை நாளின் மாலை நல்லது. அழைப்பு பத்துப் பதினைந்து பேருக்குள் இருக்கட்டும். அதே லைனில் உள்ள பிள்ளைகள் ஒருவரும் விடுபடாதிருக்கட்டும். கேசரி, சுண்டல், எலுமிச்சைச் சாறு, வேண்டுமானால் ஒரு சிறிய கேக், இவை போதும். குழந்தைகளுக்கு ஒரு மணி நேர விளையாட்டும் இரண்டு பாடல்களும் பெரியவர்களின் பிரியாணியைவிட இனிமையானவை.

மொய்யும் பரிசும் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய மொய் இன்னொரு வீட்டின் கடனாகும். பதில் செய்ய இயலாதவர்களை அழையுங்கள் என்று நம் ஆண்டவர் லூக்கா 14இல் கற்பித்தது இதனால்தான் நமக்கு இவ்வளவு பொருந்துகிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்து, பண்டிகை நாளிலும் அறையில் தனித்திருக்கும் ஓர் உடன் ஊழியரை அழைத்துப் பிள்ளையை அவர் கையில் கொடுங்கள். அன்னாளைப்போல ஏதேனும் ஒன்றை உங்கள் கையால் செய்யுங்கள்: ஒரு சட்டை, அல்லது இந்த ஆண்டு பிள்ளை கற்ற முதற்சொற்களை எழுதிய ஒரு கடிதம். ஆண்டுக்கு ஒன்றாய்ச் சேரும் அந்தக் கடிதங்களைப் பதினெட்டாம் வயதில் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

ஸ்தோத்திர ஜெபத்துக்கு என்னை அழைக்கத் தயங்க வேண்டாம். ஒற்றை அறையானாலும், பாயில் அமர்ந்து ஜெபிக்க நான் வருவேன். சிலர் வீடு சிறியது என்ற கூச்சத்தினால் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள் என்பதை அறிந்து மனம் வருந்தினேன். இனி எந்தப் பிள்ளையின் நாளும் அந்தக் காரணத்தினால் ஜெபமின்றிக் கடந்துபோக வேண்டாம்.

ஜெபிப்போம்: எங்கள் பிள்ளைகளை எங்களுக்குத் தந்த பரம பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். மனுஷருடைய கண்களுக்குப் பயப்படும் பயத்திலிருந்து எங்களை விடுவியும். எங்களிடம் இருப்பதைக் கொண்டு மகிழவும், இல்லாதவரை எங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ளவும் எங்களுக்குக் கிருபை தாரும். இம்மாதத்தில் வயது நிறையும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆசீர்வதித்து, சாமுவேலைப்போல உமது சமுகத்தில் வளரப்பண்ணும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்