ஆடறுப்பில் விலங்கு நலம்

இறைச்சிக்காக அறுக்கப்படும் வெள்ளாடும் செம்மறியும் படும் அச்சத்தையும் வலியையும் இயன்றவரை குறைப்பதற்கான நெறிமுறைகள் இப்பெயரில் அடங்கும். இந்தியாவில் இவற்றுக்கு அடிப்படையாக இருப்பவை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகளும்.

சினையாட்டையும், மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும், அத்தகைய குட்டியை உடைய தாயாட்டையும் அறுக்க அவ்விதிகள் தடை செய்கின்றன. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகே ஆட்டை அறுக்கலாம். அவசரச் சோதனையைத் தவிர்க்க, ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றும் வரம்பு உண்டு. இறைச்சிக்கூடத்தில் ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டுத் தெருவோரக் கறிக்கடைகள் பலவற்றில் இந்த அக்கறை சிறிதும் தென்படுவதில்லை. உரித்துத் தொங்கும் உடலுக்கு அருகிலேயே அடுத்த ஆடு கட்டிக்கிடக்கிறது. வருந்தத்தக்க வழக்கம் இது.

கழுத்தின் இருபுறத் தமனிகளும் சிரைகளும் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் அறுபட்டால், செம்மறி பெரும்பாலும் 20 நொடிகளுக்குள் உணர்விழக்கும். மாட்டுக்கு முதுகெலும்பையொட்டி ஓடும் தமனி வழியாகவும் மூளைக்கு இரத்தம் போவதால் கூடுதல் நேரமாகலாம், ஆட்டுக்கு அப்படியில்லை. கத்தி மழுங்கியிருந்தாலோ ஒருபுறத் தமனி அறுபடாமல் நின்றாலோ இந்த நேரம் நீளும். உணர்வு அடங்கியதா என்பதைக் கருவிழியைத் தொட்டு அறியலாம்: இமை அசையும்போதே தோலுரிக்கத் தொடங்குவது கொடுமை.

அறுப்பதற்கு முன் மின்சாரத்தால் மயக்கும் முறையில், குறைந்தது ஓர் ஆம்பியர் மின்னோட்டம் தலைவழியே செலுத்தப்படுகிறது. உடனே அறுக்காவிட்டால் ஆடு மீண்டும் எழுந்துவிடும். மயக்கம் உயிரைப் பறிப்பதில்லை என்பதாலேயே நியூசிலாந்தில் ஹலால் அறுப்பிலும் இம்முறை ஏற்கப்பட்டுள்ளது.

கத்திக்கு முந்தைய மணிநேரங்கள் குறைவாகவே பேசப்படுகின்றன. செம்மறி மந்தை விலங்கு; தனியே பிரித்தாலே மிரளும். உரோமத்தையோ ஒற்றைக் காலையோ பற்றித் தூக்கினால் சதை கன்றும். வலித்தாலும் அது பெரிதாகக் கத்துவதில்லை என்பதால் வேதனை கவனிக்கப்படாமல் போகிறது. நெடுநேரம் மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது. அறுத்தபின் போதிய அமிலம் உருவாகாததால், அந்தக் கறி கறுத்து, விரைவில் கெட்டுப்போகிறது.

மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. கொல்லும் முறைக்கு மட்டுமே உரிய விலக்கு அது. வண்டியில் நெருக்கி ஏற்றுவதற்கும் தண்ணீர் காட்டாமல் கட்டிப்போடுவதற்கும் பொருந்தாது.